திரை இல்லாத கம்ப்யூட்டர்

நோன்பு பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிவிடுவாள் ரபியா. சுவா சூ காங்கில் உயர்ந்த மாடி வீடு. ஜன்னல் திரை, மெத்தை உறை, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறை அலமாரி, எதுவும் அவள் கைக்குத் தப்பாது. இந்த வருஷம் கூடுதலாக ஒரு வசதியும் அமைந்தது. வீட்டுக்காரர் அப்துல் கஃபார் இருதய ஆபரேஷன் முடிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். காலில் இடறிவிடுவாரோ என்ற பயம் இல்லாமல் நாற்காலிகளை இஷ்டத்துக்கு இழுத்துப் போட முடிந்தது.

கஃபாருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. தண்ணீர் ஜாடி ஒரு சாண் தள்ளி இருந்தால்கூட அவருக்கு வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எதை எடுத்தாலும் எடுத்த இடத்திலேயே வைப்பது ரபியாவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழகிப்போன வேலை.

ஒத்தாசைக்கு மகள் முனீரா பொங்கோலிலிருந்து வந்திருந்தாள். படுக்கையறை மூலையில், பூத்துவாலை போர்த்தியிருந்த மேசைக்கு முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"உம்மா, இது இன்னுமா இருக்கு? அத்தா இதைத் தொடறாரா?"

"ஏதோ தட்டிக்கிட்டு இருப்பாரு. நான் எங்க பாத்தேன்? காலைல எந்திரிச்சா எபோக் எபோக் பலகாரத்துக்கு மாவு பிசையவே எனக்கு நேரம் சரியாப் போவுது."

முனீரா துவாலையை நீக்கினாள். பழுப்பேறிய பெட்டி. முன்பக்கம் டைப்ரைட்டர் போல விசைகள். தலைமேல் டிஸ்க் போடும் டிரைவ் என்ற இன்னொரு சின்னப் பெட்டி. தஞ்சோங் பகாரில் கப்பல் கம்பெனி ஒன்றில் கஃபார் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த காலத்தில், ஆபீஸ்காரர்கள் குப்பைக்குத் தள்ளிய சாமான் அது. மடியில் வைத்து டாக்சியில் கொண்டுவந்தார். கண் தெரியாதவர்களுக்கு உதவும் சங்கத்தில் யாரோ அதற்குப் பேசும் அட்டை ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார்கள். முதல் நாள் அது பேசியபோது முனீரா ரபியாவின் வயிற்றில் ஆறு மாசம். தகரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு குரல் இருட்டு அறையிலிருந்து வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "ஜின்னு பேசற மாதிரி இருக்குங்க, நிறுத்துங்க!" அன்றைக்கு உள்ளே இருந்த ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிவிட்டு இயர்போன் மாட்டிக்கொண்டவர்தான். அதற்கப்புறம் அந்தப் பெட்டி வீட்டில் வாயே திறந்ததில்லை.

"ஸ்கிரீனே இல்லையே உம்மா. ஸ்பாயில் ஆயிருச்சுலா. அத்தாவுக்குத்தான் போன் இருக்கே, எல்லாம் அதுவே படிச்சுச் சொல்லுதே."

ரபியாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கீழே பழைய சாமான் எடுக்க வரும் கரங்குனிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்டது. பழைய பேப்பர் கட்டோடு பெட்டியும் போனது. பக்கத்தில் இருந்த டிஸ்க் டப்பாவை முனீரா குப்பைக் குழாயில் போட்டாள். மூலை பளிச்சென்று ஆனது. ரபியா அங்கே ஒரு மணிப்ளாண்ட் ஜாடியை வைத்தாள்.

*

வீடு திரும்பிய கஃபார் முதலில் தண்ணீர் குடித்தார். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு நிதானமாகப் படுக்கையறைக்குப் போனார். ஆபரேஷன் செய்த நெஞ்சை ஒரு கை அணைத்திருக்க, இன்னொரு கை மேசையை நோக்கி நீண்டது. விரல்கள் இலையில் பட்டன. ஜாடியைத் தடவின. மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போய் மறுபடி திரும்பின.

"ரபியா. பெட்டி எங்க?"

வாசலில் நின்றிருந்த ரபியாவுக்கு அந்தக் கேள்வியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தாள்.

"உள்ள ஒரு டிஸ்க் இருந்துச்சு."

"டப்பாவையும் முனீரா..."

"சரி விடு. உனக்கென்ன தெரியும்."

அவ்வளவுதான். அவர் கத்தியிருந்தால் இவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அரைமணியில் தீர்ந்திருக்கும். இவரோ கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அதேதான். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். மருந்து கொடுத்தால் விழுங்கினார். போனை எடுத்துக்கூடக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும் அவருடைய பத்து விரலும் சத்தமில்லாமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் ரபியா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "அப்படி என்னங்க இருந்துச்சு அதுல?"

"பேச்சு."

"என்ன பேச்சு?"

"அந்த மிசினுக்கு இங்கிலீஷ்தான் வரும். நான் தமிழ் பேச வச்சேன். ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் ஆகும், சிலதுக்கு ஒரு வருஷம். எந்த எழுத்தை எப்படிச் சேத்தா எந்தச் சத்தம் வரும்னு கேட்டுக் கேட்டு..." பாதியில் நிறுத்திவிட்டார். "முனீரா பொறந்ததுலேருந்து செஞ்சது. கடைசிப் பிரதி டிரைவுக்குள்ள இருந்துச்சு. சரி, அதான் போயிருச்சே."

முனீராவுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.  இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, பத்தடி தூரத்தில், ஒரு மனிதர் இப்படி ஒரு காரியம் செய்துகொண்டிருந்திருக்கிறார். இவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்பது வேறு விஷயம்.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நான் கொண்டாறேன்."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தோ. கொண்டாறேன்னு சொன்னா கொண்டாருவேன்."

*

கரங்குனிக்காரரைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. ஹாரன் கேட்டதும் ஒரு டப்பா நிறைய சூடான எபோக் எபோக்கோடு லிஃப்டில் இறங்கினாள். அவருக்கு மலாய்தான் தெரியும், இவளுக்கும் மலாய் தண்ணீர்பட்ட பாடு. பெட்டியை அவர் மறக்கவில்லை. வண்டியின் கூடாரத் துணி கிழிந்து பெட்டி மழையில் நனைந்துவிட்டதாம். லிட்டில் இந்தியாவில் பழைய சாமான் எடுக்கிற 'ஜலால்' என்பவரிடம் தள்ளிவிட்டாராம்.

ஜலாலுதீனின் கடை, பழைய வணிக வளாகம் ஒன்றின் மாடிப் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. பழைய பொருள் விற்கிற சுங்கை ரோடு சந்தையை மூடியபிறகு இப்படி அங்கங்கே ஒண்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். டெலிபோன், கடிகாரம், இஸ்திரிப்பெட்டி, ஒற்றைக் கால் உடைந்த குதிரை பொம்மை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. நோன்பு ஆரம்பித்துவிட்டிருந்தது. ரபியாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

"கம்ப்யூட்டரா? அதையா தேடி வந்திருக்கீக?" ஜலாலுதீன் சிரித்தார். "அதை எடுக்கறதுக்கு இந்த ஊர்லயே ஒரே ஒரு கிறுக்கன்தான் உண்டு தங்கச்சி. அழகப்பன்னு பேரு. லிஃப்டு ரிப்பேர் பாக்கறாரு. எங்க லிஃப்டு ரிப்பேருக்குப் போனாலும் அந்த புளோக்குல குப்பைக்கு என்ன வந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் மேல ஏறுவாரு."

"வீடு எங்க?"

"புக்கிட் பாஞ்சாங்."

ரபியா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அல்லாவே! எங்க வீட்லேருந்து எல்ஆர்டி ரயில் ஏறுனா வந்துரும். அதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்?"

"பொட்டிக்கும் ஊர் சுத்திப் பாக்க ஆசை இருக்காதா?" என்றார் ஜலாலுதீன். போனை எடுத்து அழகப்பனுக்கு விஷயத்தைச் சொன்னார்.

*

கதவைத் திறந்தது அழகப்பனின் மனைவி கவிப்ரியா. நர்ஸ் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்கக்கா. பாத்து, ஒயர் கிடக்கு. எங்க வீட்ல மனுஷங்களுக்குத்தான் இடமில்ல. மத்ததெல்லாம் சௌகரியமா இருக்கு."

பொய்யில்லை. கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை கம்ப்யூட்டர்கள். சாம்பல் நிறம், பழுப்பு நிறம், காய்ந்த எலுமிச்சைத் தோல் நிறம். ஒவ்வொன்றும் துடைத்துச் சுத்தமாக, அடியில் கிடைத்த இடம் எழுதிய ஸ்டிக்கரோடு இருந்தது. சாமி படத்துக்குக் கீழேகூட ஒன்று. அதன் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அழியாமல் இருந்தன.

மேசையில் கஃபாரின் பெட்டி திறந்து கிடந்தது. ரபியாவுக்குப் பகீரென்றது. மருத்துவமனையில் கஃபாரின் நெஞ்சில் தையல் பார்த்தபோது எப்படி இருந்ததோ, அதே மாதிரி. உள்ளே பச்சைப் பலகை, அதில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பூச்சிகள். சில பூச்சிகளைப் பிடுங்கிப் பஞ்சு மெத்தையில் குத்தி வைத்திருந்தது.

அழகப்பன் ஒல்லியான மனிதர். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். "அக்கா, மன்னிச்சிக்குங்க. நல்லா மழைல ஊறி வந்துச்சு. உள்ள கரப்பான்பூச்சி குடும்பமே இருந்துச்சு. நேரா கரண்டு குடுத்தா பழைய கெப்பாசிட்டர் வெடிச்சு வீடே நாறும். அதனால முதல்ல அதை மாத்தினேன். சிப்பு கால்ல களிம்பு ஏறியிருந்ததை ஒண்ணொண்ணா ரப்பர் வச்சுத் தேச்சேன். என்ன செஞ்சும் டிவில ஒண்ணும் வரல. இருட்டு. சத்தமும் இல்ல. செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, இன்னொரு மிசினுக்குப் பாகம் எடுத்துக்கலாம்னு..." பஞ்சில் குத்திய சிப்புகளைக் காட்டினார். "நேத்துதான் பிடுங்க ஆரம்பிச்சேன்."

"டிவில என்ன வரணும்?"

"ஸ்கிரீன்ல எழுத்து வரணுமில்ல?"

"அதுக்கு என்னிக்குமே ஸ்கிரீன் இருந்ததில்லையே தம்பி."

"ஸ்கிரீன் இல்லாம எப்படிக்கா பாப்பாரு?"

"அவருக்குக் கண்ணு தெரியாதுப்பா. பொறப்புலேருந்தே."

அழகப்பன் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். பெட்டியைப் பார்த்தார், ரபியாவைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு பலகையின் ஓரத்தில் நிமிர்ந்து நின்ற ஒரு சின்ன அட்டையை, தூங்குகிற குழந்தையின் முகத்தைத் தொடுவதுபோல் ஒரு விரலால் தொட்டார்.

"பிரிண்டர் அட்டைன்னு நெனச்சேன்," என்றார். "கவி, இங்க வாயேன். இது பேசற அட்டை. இதுல இயர்போன் ஓட்டைகூட இருக்கு பாரு. ஸ்பீக்கர் ஒயரு தானா பிஞ்சு போகல, இயர்போன்ல கேக்கறதுக்காக அவரே பிடுங்கியிருக்காரு. அப்ப வீடியோ சிப்பு..." அவருக்கு மூச்சு வாங்கியது. "அது எந்த வருஷம் செத்துச்சோ! இருபது வருஷமா இருக்கலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. மிசின் பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டு இருந்திருக்கு. கண்ணு இருக்கிற நம்மதான் அதைப் பொணம்னு சொல்லிட்டோம்."

"நம்ம இல்ல, நீங்க," என்றாள் கவிப்ரியா. ஆனால் அவளும் மேசை அருகே வந்து குனிந்து பார்த்தாள்.

ரபியாவுக்கு வேண்டியது ஒன்றுதான். "உள்ள ஒரு டிஸ்க் இருந்துச்சாமே?"

அழகப்பனின் முகம் வாடியது. அறைக்குள் போய் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி வந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் கறுப்புச் சதுர டிஸ்க்குகள். "டிரைவ்லேருந்து எடுத்தேன். பூஞ்சை புடிச்சிருந்துச்சு. லேபிள்ல ஒரு எழுத்தும் இல்ல. இதுக்குள்ளதான் போட்டேன். எதுன்னுதான்..."

"அழிச்சிட்டீங்களா?"

"இல்லக்கா. பூஞ்சை புடிச்சதை ஓட்டவே மாட்டேன். ஓட்டினா டிரைவோட ஊசி அதைச் சுரண்டிரும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் படிக்க முடியாது. ஒரே ஒரு தடவைதான் முயற்சி பண்ணலாம். அதனால எது அவரோடதுன்னு தெரியாம கை வைக்க எனக்குப் பயம்."

*

சனிக்கிழமை மதியம் ரபியா கஃபாரைக் கூட்டி வந்தாள்.  கிடைத்துவிட்டது என்று சொன்னபோது "ம்" என்றதோடு சரி. நம்பி ஏமாறுவதற்கு அந்த நெஞ்சில் இப்போது தெம்பில்லை என்று ரபியா நினைத்துக்கொண்டாள்.

அழகப்பன் பெட்டியை மூடி வைத்திருந்தார். பிடுங்கிய சிப்பெல்லாம் திரும்பப் பொருத்தியாகிவிட்டது. கஃபாரை நாற்காலியில் உட்கார வைத்து, "அங்கிள், உங்க முன்னாடி இருக்கு," என்றார்.

கஃபார் கையை நீட்டினார். விரல் நுனி விசையில் பட்டதும் தோள் இறங்கியது. இரண்டு கையாலும் பெட்டியின் விலாவைத் தடவினார். முகர்ந்து பார்த்தார்.

"சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கீங்க."

"ஆமா அங்கிள். நல்ல அழுக்கு."

"இருக்கும். என் வீட்டுக்காரி இதைத் தவிர எல்லாத்தையும் தொடைப்பா."

ரபியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வீடு திரும்பிய நாளிலிருந்து அவர் அடித்த முதல் கேலி அது.

தொட்டியை அவர் மடிக்குப் பக்கத்தில் நகர்த்தினார்கள். கஃபார் டிஸ்க்குகளின் மேல்விளிம்பை, சீட்டுக்கட்டைப் புரட்டுகிறவர்போல் இடமிருந்து வலமாகத் தள்ளிக்கொண்டே போனார். பாதித் தொட்டி போனது. அழகப்பன் நகம் கடித்தார். கஃபாரின் கை ஓரிடத்தில் நின்றது. ஒன்றை உருவினார். கட்டைவிரலால் அதன் மூலையைத் தேய்த்தார். மூலையில் ஒளி ஊடுருவும் பட்டை நாடா ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளிகள்.

"பிரெயில்," என்றார் அழகப்பன் மெல்ல. "நான் அதைப் பசை உப்பியிருக்குன்னு நெனச்சேன்."

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள், காலை ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நின்றிருந்த கவிப்ரியா.

"'வீடு'ன்னு எழுதியிருக்கு," என்றார் கஃபார்.

அதற்குப் பிறகு நடந்ததை ரபியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழகப்பன் கையுறை போட்டு, கத்தரியால் கறுப்பு உறையின் ஒரு விளிம்பை வெட்டி, உள்ளிருந்ததை இரண்டு விரலால் வெளியே எடுத்தார். பழுப்பு வட்டம். அப்பளத்தைவிட மெல்லிசு. தூக்கினால் காற்றில் துவண்டது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை, நெய்யில் நூல் விழுந்த மாதிரி. "இதுலயா?" என்றாள். "முனீரா பொறந்ததுலேருந்து செஞ்சது இவ்ளோ இலேசா இருக்கு?"

"இதே கனம்தான்கா எல்லாம்," என்றார் அழகப்பன்.

வடிகட்டிய தண்ணீரில் நனைத்தார். மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. கவிப்ரியா பக்கத்தில் நின்று, ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிற மாதிரியே, கேட்குமுன் அடுத்த துணியை நீட்டினாள். முடிந்ததும் வட்டத்தை நூலில் கோத்துத் துணி காயப்போடும் மூங்கிலில் தொங்கவிட்டு, மின்விசிறியைத் தூரத்தில் வைத்தார்கள்.

வெளியே இடி இடித்து மழை பிடித்தது. எதிர் புளோக் மறைந்துபோனது.

"காய எவ்ளோ நேரம்?" கஃபார் கேட்டார்.

"மழை ஈரம் இருக்கே. சாயங்காலம் ஆயிரும் அங்கிள்."

"இருக்கட்டும். போன்லதான் தமிழ் பேசுதே, உங்களுக்கு எதுக்கு இதுன்னு கேக்க மாட்டீங்களா? என் பொண்ணு கேட்டா."

"நான் கேக்க மாட்டேன் அங்கிள். என் வீட்ல இத்தனை மிசின் வச்சுக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட கேக்கறது?"

கஃபார் சிரித்தார். நெஞ்சு வலித்ததில் பாதியில் நிறுத்தினார். "போன்ல இருக்கிற பொம்பளை நியூஸ் வாசிக்கிறா தம்பி. 'நான் வருகிறேன்'ங்குது. எங்க வீட்ல யாரு அப்படிப் பேசறா? நான் கேட்டு வளந்தது, கேட்டு வாழறது வேற. அதை இந்த மிசின் வாயில வர வைக்கணும்னு ஒரு வெறி. ழ மட்டும் மூணு வருஷம் படுத்திச்சு. எனக்கே சரியா வராது. வர்ற ஆளைக் கேட்டுத்தான் புடிச்சேன்."

யாரைக் கேட்டு என்று ரபியா கேட்கவில்லை.

*

மழை விட்டதும் கவிப்ரியா குடையோடு பள்ளிவாசலுக்குப் போய் வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கி வந்தாள். "நர்ஸ் யூனிஃபார்ம்ல நின்னேனா, ஒரு தாத்தா கூட ரெண்டு கரண்டி ஊத்தச் சொன்னாருக்கா." பேரீச்சம்பழத் தட்டையும் தண்ணீரையும் ரபியாவின் முன்னால் வைத்தாள்.

அதே நேரத்தில் அழகப்பன், காய்ந்த வட்டத்தைப் புது உறைக்குள் செருகினார். டிரைவைத் திறந்து ஊசியைத் துடைத்தார். மேசையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து ஒயரை அட்டையில் சொருகப் போனார்.

"ஸ்பீக்கர் வேணாம் தம்பி," கஃபாரின் குரலில் பதற்றம். "இயர்போன் போடுங்க. அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

"எனக்கு ஆகும். நானும் கேக்கணும்," என்றாள் ரபியா.

"ரபியா, அது வந்து..."

"கேக்கணும்னேன்."

அழகப்பன் ஸ்விட்சைப் போட்டார். டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. 'கட கட கட' என்றது. நின்றது. மறுபடி 'கட கட.' கஃபாரின் உதடு எதையோ ஓதியது. பிறகு சத்தம் மாறி, மாவரைக்கும் இயந்திரம் சீராக ஓடுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்தது. கஃபார் தலையை நிமிர்த்தினார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"ம்... சொல்லுங்க," என்றது பெட்டி.

 தகரக் குரல்தான். ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஆனால் அந்த 'ம்'முக்குப் பிறகு விட்ட இடைவெளி, 'சொல்லுங்க'வில் கடைசியில் ஏறிய மெல்லிய அலுப்பு! கவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா! இது நீங்க நேத்து என் போனை எடுத்த மாதிரியே இருக்கு!"

கஃபாரின் விரல்கள் விசையில் ஓடின. பெட்டி பேசியது. "என்னங்க, சோறு ஆறிப்போவுது." "அந்த வாழைப்பழத்தை யாரு எடுத்தா?" ழ உருண்டு, ஒரு கூழாங்கல் தண்ணீரில் விழுவதுபோல் வந்து விழுந்தது. "மழை வரும்போல இருக்கு, துணியை எடுங்க." "முனீரா, அத்தா தூங்கறாங்க, கத்தாத." "வந்துட்டேன், வந்துட்டேன், வீட்டையா தூக்கிட்டுப் போயிரப் போறாங்க?"

ரபியா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எல்லாம் அவளுடையவை. எந்த நாள், எந்த வேளை என்று தெரியாமல் வாயிலிருந்து உதிர்ந்து, சொன்ன அவளே மறந்துபோனவை. 'என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு' என்று இந்த மனிதர் கேட்கும்போதெல்லாம், காது மந்தமாகிவிட்டது என்று எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள்! அவர் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை. அடுப்படியில் அவள் எறிந்த சொல்லையெல்லாம் பொறுக்கி, உயிரில்லாத ஒன்றின் வாயில் ஊட்டி, அது விழுங்கும்வரை காத்திருந்திருக்கிறார். மேல் சிலிர்த்து, தலைமுடி வரை ஏறியது. பெட்டி பேசிய முதல் நாள் வந்த அதே நடுக்கம். அன்றைக்குப் பயம் என்று நினைத்திருந்தாள்.

திடீரென்று டிரைவ் கறகறத்தது. பெட்டி பாதிச் சொல்லில் நின்றது. அழகப்பன் மறுபடி முயன்றார். மறுபடியும் அதே இடத்தில் கறகறப்பு. "ஓரத்துல பூஞ்சை தின்னுருச்சு அங்கிள்," என்றார், குற்றவாளிபோல. "கடைசிப் பகுதி போச்சு. மத்தது எல்லாம் இருக்கு. இப்பவே நாலு பிரதி எடுத்துடறேன்."

"அது எந்தப் பகுதிங்க?" ரபியா கேட்டாள்.

"சமீபத்து வருஷங்க."  கஃபார் அவள் இருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார். "பரவால்ல. அதெல்லாம் திரும்பக் கிடைக்கும். சொன்ன ஆளு இங்கதானே உக்காந்திருக்கு."

அழகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அங்கிள், அந்த வீடியோ சிப்பு ஒண்ணுதான் செத்திருக்கு. என்கிட்ட இருக்கு. மாத்திட்டா ஸ்கிரீன்ல தெரியும். மாத்தட்டுமா?"

"யாருக்கு?"

கவிப்ரியா முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

போனில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ரபியா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். கஃபார் நாற்காலியை ஒழுங்காக இழுத்துப் போட்டுக்கொண்டு, விரல்களை விசைகளின் மேல் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். புதிதாக ஒன்றை ஆரம்பிக்கிற தோரணை.

"எங்க, எதாவது பேசு."

  கரங்குனிக்காரரையும் ஜலாலுதீனையும் பேசியே மடக்கியவள், கேட்கப்படுகிறோம் என்று தெரிந்த அந்த முதல் நிமிஷத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நின்றாள். எந்தச் சொல்லை எடுத்தாலும் கனத்தது.

"இப்படி உக்காந்து கேட்டா எனக்கு என்னங்க வரும்? கஞ்சி ஆறுது, குடிச்சிட்டு அப்புறம் தட்டுங்க."

 கஃபாரின் விரல்கள் அதற்குள் விசைகளின் மேல் ஓட ஆரம்பித்திருந்தன.